கரண்டி யாருடையது?

அன்புள்ள ஐயா,

யூரி கெல்லர் கரண்டியை விரலால் தடவியே வளைக்கும் வீடியோ பார்த்தேன். அமெரிக்க ஆய்வுக்கூடம் அவரைச் சோதித்து, 'நேச்சர்' அறிவியல் இதழிலேயே கட்டுரை வந்ததாம். சிஐஏ ஆவணங்களிலும் அவர் இருக்கிறார். இதற்குப் பிறகும் வெறும் வித்தைக்காரர் என்று தள்ளுவது பகுத்தறிவா, பிடிவாதமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கட்டுரை வந்தது உண்மைதான், 1974 அக்டோபரில். ஆனால் அது கரண்டியைப் பற்றியது அல்ல. வெளியே ஒருவர் வரைந்த படத்தை, மூடிய அறைக்குள் இருந்த கெல்லர் பார்க்காமலே வரைந்தார் என்பதுதான் விஷயம். உலோகம் வளைந்ததைப் பார்த்தோம், ஆனால் முறையான கட்டுப்பாடுகளோடு அதைச் சோதிக்க முடியவில்லை என்று ஆய்வாளர்கள் டார்க்கும் புட்டாஃபும் தாங்களே அதில் எழுதியிருக்கிறார்கள். சோதனை அமைப்பு பலவீனம், விவரங்களில் தெளிவில்லை என்று தலையங்கத்தில் சொல்லிவிட்டுத்தான் 'நேச்சர்' அதைப் போட்டது. அந்தத் தலையங்கத்தை எந்த வீடியோக்காரரும் காட்டமாட்டார். சிஐஏ ஆவணமும் தனிச் சாட்சி அல்ல. 1973 ஆகஸ்டில் அதே கூடத்தில் நடந்த படச் சோதனைகளின் அறிக்கைதான் அது.

அந்த ஆகஸ்டு 1ஆம் தேதி கெல்லர் ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சிக்குப் போனார். கார்சன் இளமையில் மேஜிக் செய்தவர். மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியிடம் யோசனை கேட்டார்கள். பொருள்களை எல்லாம் நீங்களே கொண்டுவாருங்கள், கெல்லரையும் அவர் ஆட்களையும் முன்கூட்டி கிட்டேயே விடாதீர்கள் என்றார் அவர். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தும் கெல்லரால் ஒன்றும் முடியவில்லை. இன்று தெம்பில்லை என்றார். சில நாளில் ஆய்வுக்கூடத்தில் தெம்பு வந்துவிட்டது! டிவி தோல்வியால் அவர் மவுசும் குறையவில்லை. வித்தைக்காரன் என்றால் தப்பாமல் செய்திருப்பானே என்று அதையே சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அப்புறம் நடந்தது இன்னும் ருசியானது. இந்த மாதிரி ஆய்வுக்கென்று செயிண்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு விமானத் தொழிலதிபர் மெக்டொனல் 5 லட்சம் டாலர் கொடுத்தார். ஸ்டீவ் ஷா, மைக்கேல் எட்வர்ட்ஸ் என்ற பதின்வயது மேஜிக் பையன்கள் இருவர், ராண்டியோடு பேசிவைத்துக்கொண்டு, சக்தி படைத்தவர்களாக அங்கே நுழைந்தார்கள். ஆய்வாளர்கள் கரண்டிகளின் வளைவை அளந்து, எது எது என்று தெரிய நூலில் சீட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பையன்கள் கரண்டியை வளைக்கக்கூட மெனக்கெடவில்லை, சீட்டுகளை மாற்றிவிட்டார்கள். மறுபடி அளந்தால் வளைவு மாறித்தானே இருக்கும்? இரவில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டினால், தாழிடாமல் விட்டுப்போன ஜன்னல் வழியாக உள்ளே வந்தார்கள். ஏமாற்றுகிறீர்களா என்று நேரே கேட்டால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்கவே இல்லை. எதில் எல்லாம் ஏமாறலாம் என்று ராண்டி முன்பே பட்டியல் போட்டு அனுப்பியும் அதை ஆரம்பத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. 1983இல் அவரே பத்திரிகையாளர்களைக் கூட்டி உடைத்தார்.

அந்த ஆய்வாளர்கள் முட்டாள்கள் அல்ல. எலக்ட்ரான் யாரையும் ஏமாற்றப் பார்க்காது. அதோடு பழகியவருக்கு ஆள் பார்க்கும் பழக்கம் இருக்காது. சோதிக்கப்படுபவரே சோதனையின் போக்கைத் தீர்மானிக்க விட்டார்கள், அவ்வளவுதான். கரண்டி சோதிப்பவருடையதாக இருக்கட்டும், பக்கத்தில் ஒரு மேஜிக்காரர் நிற்கட்டும். அப்போதும் வளைந்தால் நம்புகிறேன். இதைப் பிடிவாதம் என்றால், சரி, பிடிவாதம்தான்.

கெல்லர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இஸ்ரேலிய இரவு விடுதிகளில் மேடையேறிய கலைஞர், கெட்டிக்காரர். 2007இல் ஜெர்மன் மேஜிக் இதழ் ஒன்றிடம், அமானுஷ்ய சக்தி இருப்பதாக இனி சொல்லமாட்டேன், மக்களை மகிழ்விப்பவன் நான் என்று அவரே சொல்லிவிட்டார்.