குழலையும் சின்தசைசரையும் இணைக்கத் தெரிந்த மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மா, உங்கள் மகள் இரவெல்லாம் இசைக்கோப்பில் மூழ்கிக் கிடப்பதை நினைத்து நீங்களும் ஐயாவும் தூக்கத்தைத் தொலைத்திருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால், கணினிப் பொறியியலில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுடைய பெரியப்பா சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த நான்கு ஆண்டுகளைப் படித்துக் கழிக்கப்போவதும், வாங்கிய கடனைச் சுமக்கப்போவதும் அவர் அல்லர்.

அன்று அவள் எனக்குப் போட்டுக்காட்டிய படைப்பில், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியான சின்தசைசரின் நீண்ட நாதத்தின் மேல் புல்லாங்குழல் வருகிறது. வாசிக்க வாசிக்கக் குழலுக்குள் காற்று சூடேறிச் சுருதி மெல்ல உயரும். சின்தசைசரோ 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுவான சுருதி அளவை அடிப்படையாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டும் உரசும் இடத்தில், குழலை மென்பொருளில் இழுத்துத் திருத்தி அதன் உயிரைப் போக்கிவிடுபவர்கள் பலர். இவளோ சின்தசைசரை 7 சென்ட் (சுருதி வேறுபாட்டை அளக்கும் நுண்ணலகு) உயர்த்திக் குழல் நின்ற இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அடுத்தடுத்த இரண்டு பியானோ கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமே 100 சென்ட்தான் என்றால், அந்தக் காது எவ்வளவு நுட்பமானது என்று எண்ணிப் பாருங்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது அவளுக்குச் செய்யும் அநீதி.

திரையிசை, மேடை, இசை ஆசிரியர் பணி ஆகியவற்றை நீங்களே அறிவீர்கள். பலர் கண்ணில் படாத வழி ஒன்று உண்டு: இசை நூலகங்களுக்கு இசையமைப்பது. ஆவணப்படம், விளம்பரம், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆகியவற்றின் படத்தொகுப்பாளர்கள், ஏற்கெனவே பதிவுசெய்யப்பட்ட இசையை இத்தகைய நூலகங்களில் தேடி, உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறார்கள். பின்னணிக் குரலோடு மோதாது என்பதால் பாடல் வரிகளற்ற இசைக்கு அங்கே தனி இடம் உண்டு. விரிந்த ஒலிப்பரப்பைச் சின்தசைசர் தந்துவிட, அதன் நடுவே மனித மூச்சோ விரல் உராய்வோ கேட்கும் ஒரே ஒரு நிஜ வாத்தியம் போதும். அதை அமைதியான ஓர் அறையில் ஒரு மைக்கைக் கொண்டே பதிவுசெய்துவிடலாம். ஆனால், ஒரு படைப்போடு வேலை முடிந்துவிடாது. முழு வடிவத்தோடு 60, 30, 15 விநாடி வடிவங்களும், முதன்மை மெட்டு நீக்கிய வடிவமும், வாத்தியத் தொகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்த கோப்புகளும் கேட்பார்கள். தேய்ந்து மறைவதைவிடத் தெளிவாக முடியும் இசையே தொகுப்பாளருக்கு வசதி. காணொளிப் பணிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தர அளவில் ஒலியைப் பதிவுசெய்வது வழக்கம். வேகம், மனநிலை, வாத்தியம் ஆகிய குறிப்புகளைச் சரியாக எழுதாவிட்டால், நல்ல இசையும் தேடலில் அகப்படாது.

பணம் மெதுவாகவும் சீரின்றியும்தான் வரும். சில படைப்புகளுக்கு வராமலே போகலாம். ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: கடன் வாங்கி, கட்டணம் மிகுந்த ஒலிப்பொறியியல் பட்டயப் படிப்பில் அவளைச் சேர்க்காதீர்கள். விலை உயர்ந்த சின்தசைசரும் இப்போது வேண்டாம். சர்ஜ் எக்ஸ்டி போன்ற நல்ல மென்பொருள் சின்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருக்கும் கணினியோடு, மைக்கை அதனுடன் இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், நல்ல ஹெட்ஃபோன் ஆகியவை தொடங்கப் போதும்.

பட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டணம் குறைவான, மாலை நேரத்தை அவளுக்கு விட்டுவைக்கும் படிப்பாக இருக்கட்டும். பாடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒலியியலில் அவள் காட்டும் ஆர்வத்தைப் பார்த்தால் இயற்பியல் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆயினும் அவள் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன், அந்தக் குழல் இசையின் 30 விநாடி வடிவத்தையும் மெட்டு நீக்கிய வடிவத்தையும் அவள் செய்து பார்க்கட்டும். அந்த வேலையின் சலிப்பையும் மீறி அவளுக்கு அது பிடிக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டு இருவரும் என்னிடம் வாருங்கள். எந்த நூலகமாவது ஒப்பந்தம் அனுப்பினால், இசையின் உரிமையும் ஒலிப்பதிவின் உரிமையும் யாரிடம், எத்தனை ஆண்டுகளுக்குச் செல்கின்றன என்பதை விவரம் அறிந்த ஒருவரோடு உட்கார்ந்து படித்துப் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.