வாங்கலாமா, வேண்டாமா? இந்த முறை: ஆன்டெனாவும் ரம்பமும்

கேள்வி: 4ஜி ரௌட்டருக்காக ஆன்லைனில் 2,200 ரூபாய்க்கு யாகி ஆன்டெனா (ஒரு தண்டில் வரிசையாகக் கம்பிகள் இருக்குமே, அது) வாங்கினேன். ‘எல்லா பேண்டும் எடுக்கும், 25 டிபி’ என்று போட்டிருந்தார்கள் (பேண்ட் என்றால் அலைவரிசை, டிபி என்றால் சிக்னலை எவ்வளவு கூட்டும் என்கிற கணக்கு). எங்கள் ஊர் டவர் 2300 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் ஒரு கோடுகூட ஏறவில்லை. கேபிள் சேருகிற கம்பியை அளந்தால் 16 செ.மீ. வெட்டிச் சரிசெய்யலாமா? (தேனி வாசகர்)

பதில்: முதலில் ரம்பத்தைக் கீழே வையுங்கள். ஏமாந்தது உங்கள் தப்பில்லை. ஸ்கேல் எடுத்து அளந்தீர்களே, பாதிப் பேர் அதுகூடச் செய்வதில்லை. 14,300ஐ அந்தக் கம்பியின் நீளத்தால் வகுத்தால் எந்த மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 16 செ.மீ. என்றால் 894. ஆக, 900க்கான சரக்கை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். 2300க்கு 6.2 செ.மீ.தான் இருக்க வேண்டும்.

வெட்டுவதென்றால் கம்பிகளை மட்டும் வெட்டினால் போதாது. கம்பிக்குக் கம்பி இடைவெளி, கம்பியின் கனம் எல்லாமே இரண்டரை மடங்கு சுருங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முப்பது, நாற்பது மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். அதைவிட, ஒரு கம்பியில் ரம்பம் பட்டாலும் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் எடுங்கள், ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுவார்கள். பிறகு 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நடக்கவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது, இரண்டு வருட அவகாசமும் உண்டு.

அப்புறம் அந்த 25 டிபி. இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. மூன்று கம்பி யாகி 7 டிபி கொடுத்தால் பெரிய விஷயம். பத்துக் கம்பி வைத்தால் 12, 13. தண்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது மூன்றுக்கு மேல் போகாது. 2300ல் 25 டிபி வேண்டுமென்றால் ஒரு மீட்டர் அகல டிஷ் வைக்க வேண்டும். கை நீளக் கம்பியில் தருகிறேன் என்பவன் ஒரு படி அரிசியில் ஊருக்கே சோறு போடுகிறேன் என்கிறான். நானும் ‘20 டிபி’யை நம்பி 1,600 ரூபாய் கொடுத்தவன்தான். கூடவே வந்த பத்து மீட்டர் நூல் கேபிள் கிடைத்த கொஞ்சத்தையும் தின்றுவிட்டது. இப்போது அந்த ஆன்டெனாவில் துண்டு காயப்போடுகிறோம்.

கேள்வி: மாடியில் பழைய தூர்தர்ஷன் ஆன்டெனா கிடக்கிறது. ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கு ரேடியோவுக்கான உரிமம்) எடுத்துவிட்டேன். 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: அளவைச் சொல்லாமல் கேட்டால் எப்படி? கேபிள் சேரும் கம்பி 70 செ.மீ. வாக்கில் இருந்தால் அது 200 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து சேனலுக்கானது. உங்களுக்கு வேண்டியது கிட்டத்தட்ட 99 செ.மீ. வெட்டின கம்பி வளராது. தண்டை வைத்துக்கொண்டு புது அலுமினியக் கம்பி வாங்குங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் தாராளமாக வெட்டலாம், இடைவெளியையும் அதே கணக்கில் சுருக்க வேண்டும். ஆனால் ஒரு செ.மீ. கூட்டி வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை (ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் கருவி) பார்த்துப் பார்த்து ராவுங்கள். டிவி ஆன்டெனா 300 ஓம், உங்கள் ரேடியோ 50 ஓம். நடுவில் பாலன் (இரண்டையும் பொருத்திவைக்கும் சின்ன மின்மாற்றி) இல்லாமல் நேரடியாகக் கேபிளைச் செருகிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள்.

கேள்வி: 6,000 ரூபாய்க்கு மொபைல் பூஸ்டர் வாங்கி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை என்று சண்டைக்கு வருகிறார்.

பதில்: அவர் பக்கம்தான் நியாயம். அனுமதியில்லாமல் இந்த மாதிரி பூஸ்டர் (ரிப்பீட்டர் என்பதும் இதுதான்) வைப்பது சட்டப்படி குற்றம். இன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: தங்கமுலாம் பூசிய கனெக்டருக்கு 400 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். சிக்னல் கூடுமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் ஆன்டெனா வாங்கினேன். இப்போது கடைக்காரர் ‘எங்கள் சரக்கே இல்லை’ என்கிறார்.

பதில்: வேறென்ன சொல்வார்? யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள், அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்னிடமும் மருந்தில்லை.