சின்ன டெஸ்க்டாப்பில் கேம்களுக்கு இடம் போதவில்லை. எதை வாங்கி மாட்டுவது?

கேட்டவரின் நிலைமை இது. ஆபீஸில் ஓடிய பழைய சின்ன டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி, குட்டை கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டு விளையாடுகிறார். உள்ளே இருப்பது 256 ஜிபி. இரண்டு கேம் போட்டால் நிறைந்துவிடுகிறது. விலை கூடிய வேகமான எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்குவதா, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் போதுமா என்று கேட்கிறார்.

வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், இடத்துக்குக் கொடுங்கள். அதையும் கேபினட்டைத் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று விளக்குகிறேன்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. இந்தப் பக்கம் கேம் விளையாடும் பையன்களுக்கு உண்மையான தலைவலி லோடிங் நேரம் இல்லை, ஒன்றை அழித்தால்தான் இன்னொன்றைப் போட முடியும் என்பதுதான். ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 கேட்கும் இடம் 150 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3-ம் 150 ஜிபி கேட்கிறது, அதுவும் எஸ்.எஸ்.டி.யில்தான் வேண்டும் என்கிறது. உங்கள் 256 ஜிபி விண்டோஸ் கணக்கில் 238 தான். அதில் விண்டோஸுக்கும் அப்டேட்டுக்கும் போக மீதி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். சரி, அழித்துவிட்டு மறுபடி இறக்கலாம் என்றால், 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலே 100 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம் ஆகும். மாத டேட்டா தீர்ந்து வேகம் 4 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் அதே 100 ஜிபிக்கு 55 மணி நேரம். இரண்டு நாளுக்கு மேல். நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

இப்போது வேகக் கணக்கு. சாதாரண 3.5 இஞ்ச் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் எஸ்.எஸ்.டி. சுமார் 550. அதைவிட வேகமான புது முறையான என்.வி.எம்.இ.யில் ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்றால் 3,500 வரை, ஜென் 4 என்றால் 7,000 வரை. அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் காசைக் கொட்டுகிறார்கள். ஆனால் கேம் ஏறும்போது டிஸ்க் படித்துக் கொடுத்ததைப் பிரித்து அடுக்குகிற வேலை ப்ராசஸருடையது. நேரம் அங்கேதான் போகிறது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சாட்டாவில் இருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால் பெரும்பாலான கேம்களில் சில நொடிகள்தான் மிச்சம். டைரக்ட்ஸ்டோரேஜ் என்று மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வழியைப் பயன்படுத்தும் கேம்கள் 2023-ல் இருந்து வருகின்றன, அவற்றில் என்.வி.எம்.இ.க்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு. எப்படியும் எஃப்.பி.எஸ். கூடும் என்று நினைத்து எஸ்.எஸ்.டி. வாங்காதீர்கள். படம் ஓடும் வேகம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு கையில்தான்.

அப்புறம், பழைய ஆபீஸ் மெஷினின் ஸ்லாட் ஜென் 3 ஆக இருந்தால், ஜென் 4 எஸ்.எஸ்.டி. போட்டாலும் அது ஜென் 3 வேகத்தில்தான் ஓடும். வேலை செய்யும், பயப்பட வேண்டாம். ஆனால் கூடுதலாகக் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. அந்தக் காசில் 1 டிபிக்குப் பதில் 2 டிபிக்குப் போங்கள்.

இனி கேபினட். கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்த பிறகு திறங்கள். அக்கா மகனின் மெஷினைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது மதர்போர்டு இல்லை, புழுதி. கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று தோட்டத்து மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து போடும். பெயின்ட் பிரஷ் வைத்துத் தட்டிய பிறகுதான் ஸ்லாட்டே தெரிந்தது.

பார்க்க வேண்டியது என்னவென்றால், முதலில் எம்.2 ஸ்லாட். சூயிங்கம் பட்டை மாதிரி நீளமான எஸ்.எஸ்.டி. உட்காரும் இடம் அது. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 2280 என்பார்கள். சில சின்ன மெஷினில் 2242 அல்லது 2230 நீளத்துக்குத்தான் இடம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு குட்டி ஸ்லாட் தெரிந்தால் அவசரப்படாதீர்கள், அது பெரும்பாலும் வைஃபை கார்டுக்கானது, எஸ்.எஸ்.டி. அதில் உட்காராது. எம்.2 வடிவத்திலேயே சாட்டா ரகமும் உண்டு, என்.வி.எம்.இ. ரகமும் உண்டு. தங்க நிற முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்.வி.எம்.இ. உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்பதை மாடல் எண்ணைப் போட்டு, தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து 2.5 இஞ்ச் இடம். ஒரு லிட்டர் அளவில் வரும் மிகச் சின்ன மெஷின்களில்கூட பெரும்பாலும் ஒரு 2.5 இஞ்ச் எஸ்.எஸ்.டி.க்கு இடம் இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஆபீஸில் இருந்து கழித்து வரும் மெஷின்களில் அதைத் தாங்கும் தட்டும், சாட்டாவுக்குப் போகும் பட்டை கேபிளும் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் அது தனி. எஸ்.எஸ்.டி. வாங்குவதற்கு முன் இந்தக் கேபிள் கிடைக்குமா என்று பாருங்கள். இன்னும் கொஞ்சம் பெரிய ரகத்தில் பவர் சப்ளையில் இருந்து நேராக சாட்டா பவர் வயர் வராது, மதர்போர்டில் இருந்து ஒரு குட்டி கேபிளில் வரும். அதையும் தேட வேண்டியிருக்கும்.

நீங்கள் கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கிறீர்கள் என்பதால் உங்களுடையது இந்தப் பெரிய ரகம்தான். அதில் கார்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) மூடாமல் இருந்தால் அதிர்ஷ்டம். என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யைச் செருக ஒரு சின்ன அடாப்டர் கார்டு கிடைக்கும். குட்டைக் கேபினட்டுக்கான தகடோடு வாங்குங்கள். பழைய மெஷின் அதில் இருந்து பூட் ஆகாமல், அதாவது விண்டோஸைத் தொடங்காமல் போகலாம், ஆனால் கேம் மட்டும் வைப்பதற்கு அது தேவையே இல்லை. கார்டு தடிமனாக இருந்து அந்த ஸ்லாட்டை மறைத்தால் இந்த வழி இல்லை.

ஒரே ஒரு எம்.2 ஸ்லாட்தான், அதிலும் 256 ஜிபி உட்கார்ந்திருக்கிறது என்றால் எனக்குப் பிடித்த வழி இது: புது 2 டிபி எஸ்.எஸ்.டி.யோடு யுஎஸ்பியில் செருகும் என்.வி.எம்.இ. உறை ஒன்றையும் வாங்குங்கள். புதியதை உறையில் போட்டு, பழையதை அப்படியே க்ளோன் செய்து (முழுதாக நகல் எடுத்து), பிறகு இடம் மாற்றுங்கள். பழைய 256 உறைக்குள் போய் வெளி டிஸ்க் ஆகிவிடும், எதுவும் வீணாகாது. க்ளோன் செய்யும் முன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு அதை நிறுத்துங்கள். மெஷின் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் சாட்டா மோட் ‘ரெய்டு’ என்று இருந்தால் கைவைக்காதீர்கள். அதை மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் நிற்கும்.

எது வாங்குவது? டி.எல்.சி. ரகம், அதாவது சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது. நான்கு பிட் வைக்கும் க்யூ.எல்.சி. மலிவு, படிப்பதில் குறையில்லை. ஆனால் பெரிய கேமை வேறு டிஸ்க்கில் இருந்து நகர்த்தும்போது அதன் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பிவிட்டால் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போகலாம். கோவையில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும் பில் வாங்குங்கள். வாரண்டிக்கு எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு ‘16 டிபி’ என்று வரும் வெளி எஸ்.எஸ்.டி.களைத் தொடவே வேண்டாம். உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருப்பார்கள், விண்டோஸிடம் 16 டிபி என்று பொய் சொல்லும், நிறைந்ததும் ஃபைல் எல்லாம் நாசம்.

மாட்டும்போது எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அமுக்கி, முனையில் ஸ்க்ரூ போட வேண்டும். காலியான ஸ்லாட் என்றால் அந்த ஸ்க்ரூ பெரும்பாலும் மெஷினிலும் இருக்காது, எஸ்.எஸ்.டி. டப்பாவிலும் இருக்காது. மருமகன், “மாமா, செல்லோ டேப் போட்டு ஒட்டிடலாமா?” என்றான். கூடாது. சூடானதும் டேப் இளகும், எஸ்.எஸ்.டி. தூக்கிக்கொள்ளும். கடைவீதியில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் சேட்டனிடம் போனோம். பழைய லேப்டாப் ஸ்க்ரூ போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்து, விரலால் தள்ளித் தள்ளி, நகத்தளவுகூட இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் நீளம் என்று கேளுங்கள். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சூட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரலில் பாலக்காட்டில் 40 டிகிரி சாதாரணம். சின்ன கேபினட்டில் கிராபிக்ஸ் கார்டின் அனல் நேராக எஸ்.எஸ்.டி. மேல் அடிக்கும். 70, 80 டிகிரியைத் தொட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடு) ஒன்று போதும். ஒட்டும்போது பேடின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். பக்கத்து மூடி உரசாமல் மூடுகிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி சாயங்காலங்களில் இடி மின்னல் வரும் நேரத்தில் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கேம் இறங்கிக்கொண்டிருந்தாலும் பிடுங்குங்கள், ஸ்டீம் (கேம் வாங்கி இறக்கும் ஆப்) விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

வெளி டிஸ்க் பற்றிக் கேட்டீர்கள். வெளி எஸ்.எஸ்.டி. என்றால் நல்ல வழிதான். யுஎஸ்பி 3 போர்ட்டில், அதாவது பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும் போர்ட்டில் செருகினால் 400 எம்பிக்கு மேல் வரும், கிட்டத்தட்ட சாட்டா அளவு. கறுப்பு யுஎஸ்பி 2-ல் செருகினால் 40 எம்பிகூடத் தாண்டாது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் புதுக் கேமை நேரடியாக ஓட்டாதீர்கள், திக்கித் திக்கித்தான் ஓடும். ஆனால் கிடங்காக அது அருமை. இப்போது விளையாடாத கேமை ஸ்டீமில் அதற்கு நகர்த்தி வையுங்கள். வேண்டும்போது திரும்ப எஸ்.எஸ்.டி.க்கு நகர்த்தினால் 60 ஜிபி ஏழு, எட்டு நிமிடத்தில் வந்துவிடும். டேட்டா ஒரு துளி செலவாகாது.

க்ளோன் செய்யாமல் கூடுதல் டிஸ்க்காக மாட்டியிருந்தால், முடித்ததும் ‘திஸ் பிசி’யில் புது டிஸ்க் தெரியவில்லையே என்று பதறாதீர்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். பார்ட்டிஷன் முறையைக் கேட்டால் ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து, என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்யுங்கள். பெயர் ‘கேம்ஸ்’ என்றே வைக்கலாம். 2 டிபி போட்டால் 1.81 டிபி என்று காட்டும், யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை அப்படி. பிறகு ஸ்டீம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ப் புது டிரைவைச் சேர்த்து, கேமைத் தேர்ந்தெடுத்து மூவ் கொடுங்கள். சேவ் ஃபைல்கள் பெரும்பாலும் சி டிரைவில் டாக்குமென்ட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ இருக்கும், அவை அங்கேயே இருக்கட்டும்.