புண்டா கானாவிலிருந்து சாண்டோ டொமிங்கோ: ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புண்டா கானா கடற்கரை விடுதியில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். அங்கிருந்து தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் பஸ் சுற்றுலா இருக்கிறதாம். முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். நாங்கள் சைவம். பஸ்ஸில் போகலாமா, தனிக் கார் நல்லதா?

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழைய நகருக்குள் எத்தனை மணி நேரம் விடுவார்கள்? தூரம் சுமார் 200 கிலோமீட்டர். சாலை நன்றாகவே இருக்கிறது. காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். பஸ் விடுதி விடுதியாக நின்று ஆள் ஏற்றும் என்பதால் இன்னும் இழுக்கும். மிச்சமிருக்கும் பகலில் குகை, கொலம்பஸ் நினைவிடம், மதிய உணவு, நகைக் கடை எல்லாம் பங்கு கேட்கும். கடைசியில் எதைப் பார்க்கப் போனீர்களோ அதற்குத்தான் நேரம் குறையும்.

அந்தப் பட்டியலில் இரண்டைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். லோஸ் த்ரெஸ் ஓஹோஸ் என்ற சுண்ணாம்புக் குகையின் ஏரிகள் அழகானவைதான்; ஆனால் இறங்கி ஏற வேண்டிய படிகள் உங்கள் தாயாருக்கு ஆகாது. 1992-இல் திறந்த கொலம்பஸ் கலங்கரை விளக்கம் சிலுவை வடிவிலான பிரம்மாண்டக் கான்கிரீட் கட்டடம். கொலம்பஸின் எலும்புகள் அங்கேதான் இருப்பதாக டொமினிக்கர்களும், தங்கள் தேவாலயத்தில் இருப்பதாக ஸ்பெயினின் செவில் நகரத்தாரும் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்கு சுவையானது, கட்டடத்தைக் காரிலிருந்தபடியே பார்த்தால் போதும்.

நான்கு பேர் என்பதால் ஓட்டுநருடன் கார் அமர்த்துவதே உங்களுக்குச் சரி. நீங்களே ஓட்ட வேண்டாம். தலைநகரின் போக்குவரத்து அந்நியர்களிடம் இரக்கம் காட்டாது. வழிகாட்டியைப் பழைய நகரில், கொலம்பஸ் சிலை நிற்கும் பார்க்கே கொலோன் சதுக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். அரசு அடையாள அட்டை உள்ளவரா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம், எந்த மொழி, மொத்தம் எவ்வளவு என்பதை நடக்கத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அந்தச் சதுக்கத்தை ஒட்டியே இருக்கிறது அமெரிக்கக் கண்டங்களின் முதல் பேராலயம். 1540 வாக்கில் கட்டி முடித்தார்கள். 1586-இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்து ஒரு மாதம் சூறையாடி, 25,000 டக்கட் (அக்கால ஐரோப்பிய நாணயம்) பணயப் பணம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான். அந்தப் பணத்தை எடைபோட்டதாகச் சொல்லப்படும் காசா தெல் கோர்தோன் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. வாசலுக்கு மேலே பிரான்சிஸ்கன் துறவிகளின் இடுப்புக் கயிறு முடிச்சோடு கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். மகனிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு லாஸ் தாமாஸ் தெரு. ஓசாமா ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த ஊரைப் புயல் அழித்ததும், 1502-இல் ஆளுநர் ஓவாண்டோ அதை மேற்குக் கரைக்கு மாற்றினார். அப்போது உருவான தெரு இது. கண்டத்திலேயே முதலில் கல் பாவியது என்பார்கள். ஓசாமா கோட்டை இதன் தென்முனையில். கோபுரத்தின் குறுகலான படிகளில் மகன் ஏறட்டும், அம்மா முற்றத்து நிழலில் உட்காரட்டும். பழைய அரசு மாளிகைக்கு எதிரே 1753-இல் வைத்த சூரியக் கடிகாரம் நிற்கிறது. அதிகாரிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து மணி தெரிந்துகொள்வார்களாம். வெயில் இருந்தால் நிழல் காட்டும் நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரு முடியும் இடத்தில் கொலம்பஸின் மகன் டியெகோவின் மாளிகை, அல்காசர். பாழாய்க் கிடந்ததை 1950-களில் மீட்டுக் கட்டினார்கள். உள்ளே இருக்கும் மேசை நாற்காலிகள் பழையவை, ஆனால் டியெகோ உட்கார்ந்தவை அல்ல. பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கே விருந்தும் பட்டாடையும் பற்றியே பேசுவார்கள். நீங்கள் கரும்புத் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். இதே டியெகோவின் தோட்டத்தில்தான் 1520-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். இக்கண்டங்களில் பதிவான முதல் பெரிய அடிமைக் கிளர்ச்சி என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கும் முன்பு, 1511-இல், மொந்தேசினோஸ் என்ற துறவி இதே ஊரின் பிரசங்க மேடையிலிருந்து, டாயினோ பழங்குடியினரை வதைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று குடியேறிகளைப் பார்த்துக் கேட்டார். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் டியெகோவும் ஒருவர். இதற்கு நேராகப் பதில் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் கூடுதலாகவே கொடுங்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று ஸ்பானிய மொழியில் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மோரோ தே குவாந்துலெஸ் என்பது நம் துவரையை அரிசியோடு சமைப்பது, பல வீடுகளில் தேங்காய்ப் பாலும் சேரும். அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் பன்றி இறைச்சி போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வாழைக்காயைத் தட்டி இருமுறை பொரித்த தொஸ்தோனெஸ் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

திங்கட்கிழமை வேண்டாம், அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு விடுமுறை. பிப்ரவரி 27 சுதந்திர தினம் என்பதால் அன்றும் வேண்டாம். பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். கடற்கரை அரைக்கால் சட்டையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். லாரிமார் என்ற நீல நிறக் கல் இந்த நாட்டில் மட்டுமே கிடைப்பது. வாங்கும் எண்ணம் இருந்தால் வழிகாட்டி கூட்டிப்போகும் முதல் கடையில் வாங்காதீர்கள், அங்கே அவருடைய கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். காலை ஆறரைக்குக் கிளம்பி, மாலை மூன்றரைக்குள் திரும்பக் காரில் ஏறிவிட்டால் அலுவலகம் விடும் நேர நெரிசலில் சிக்க மாட்டீர்கள்.