விதைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பின்பக்கம் 2 சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், கோடையில் லாரித் தண்ணீர்தான். பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் தனியாக வாழும் பெரியவர்கள் அதிகம். எல்லோரும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். 2015-இல் வெள்ளத்தையும் 2019-இல் தண்ணீர்ப் பஞ்சத்தையும் பார்த்த ஊர் இது. இரண்டையும் தாங்குகிற மாதிரி தோட்டத்தை அமைக்க வேண்டும். அதனால் நல்ல மழை பெய்யும்போது ஒருமுறை இறங்கிப் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாளில் வடிகிறது என்று பாருங்கள்.

தேங்கும் மூலையில் காய்கறி வேண்டாம். கல்வாழையும் சேம்பும் வையுங்கள். ஈரம் அவற்றுக்குப் பிடிக்கும். முருங்கையை மேடான பக்கம் நடுங்கள், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். மற்ற இடத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போதும். இரண்டு பாத்திகளை மட்டும் இடுப்பளவு உயர்த்திக் கட்டுங்கள். முட்டிவலி உள்ளவர்கள் குனியாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்தே களை எடுக்கலாம்.

கோடைக்கு மூடாக்குதான் முக்கியம். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் பாத்தி மேல் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு ஏறிவிடும்.

அப்புறம், வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள். 40 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 22 சதுர அடிதான் வரும், வரப்புச் சண்டையும் கூடவே வரும். எல்லாம் பொதுவாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்ற ஒரு பெரியவர், ஓர் இளையவர் என்று ஜோடி போட்டு முறை வையுங்கள். முறைக்குப் பெரியவர் வரவில்லையென்றால் ஜோடியில் இருப்பவர் மாடியேறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் தோட்டத்தின் பெரிய மகசூலே இதுதான். தனியாக இருப்பவர் வெயிலில் சோர்ந்து படுத்திருந்தாலும், வெள்ளத்தில் மருந்து தீர்ந்துபோனாலும், உடனே தெரிந்துவிடும். பறித்த கீரையில் முதல் கட்டு, கீழே இறங்கி வர முடியாதவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.

மழை ஓய்ந்ததும் தைப்பட்டத்தில், அதாவது தை மாத விதைப்புப் பருவத்தில், தொடங்குங்கள். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை மூன்றும் வெயில் தாங்கும். முதல் பட்டத்துக்கு நான்கு பாத்தி போதும்.