அதட்டினால் நிறுத்துகிறான்... பாட்டி வீட்டில் தொடர்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. கோபம் வந்தால் கரடி பொம்மையை சோபாவில் ஓங்கி அடித்து, "ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா?" என்று விரலை நீட்டிக் கத்துகிறான். என் கணவர் என்னைத் திட்டும்போது சொல்கிற அதே வார்த்தை, அதே விரல். நான் அதட்டினால் நிறுத்திவிடுகிறான். பாட்டி வீட்டுக்குப் போனால் மறுபடி ஆரம்பித்துவிடுகிறான். "சின்னப் பையன்தானே, வளர வளர மறந்துடுவான்" என்கிறார் கணவர். மறந்துவிடுவானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்: தானாக மறந்துவிடுவான் என்று விட்டுவிடாதீர்கள், சகோதரி. நீங்கள் அதட்டியதும் நிறுத்துகிறானே என்று நிம்மதி அடையவும் வேண்டாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1961-ல் ஓர் ஆய்வு செய்தார். காற்றடைத்த 'போபோ' பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்துத் திட்டுவதைப் பார்த்த குழந்தைகளில் பலர், பிறகு அதே அடியை, அதே வார்த்தைகளோடு திருப்பிச் செய்தார்கள். இது பலரும் கேள்விப்பட்டதுதான். உங்களுக்கு முக்கியமானது 1965-ல் அவர் வெளியிட்ட ஆய்வு. பொம்மையை அடிப்பவரை இந்த முறை படத்தில் காட்டினார். சில குழந்தைகள் பார்த்த படத்தில் அவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. சிலர் பார்த்ததில் திட்டும் அடியும் விழுந்தன. இன்னும் சிலர் பார்த்ததில் இரண்டும் இல்லை. அடி விழுந்ததைப் பார்த்த குழந்தைகள்தான் குறைவாகப் பின்பற்றினார்கள். அப்புறம், "பார்த்ததைச் செய்து காட்டினால் ஜூஸும் ஸ்டிக்கரும் உண்டு" என்றதும், மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின! கற்றுக்கொள்வதில் எந்தக் குழுவும் குறைவில்லை. பயம் இருந்தவரை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகனும் அப்படித்தான். உங்கள் எதிரில் அதட்டல் விழும். பாட்டி வீட்டில் விழாது. பேரனின் 'பெரிய மனுஷப் பேச்சை'க் கேட்டு அங்கே யாராவது சிரித்தால், அதுவே அவனுக்கு ஜூஸும் ஸ்டிக்கரும். சிரிக்க வேண்டாம் என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்களும் விரலை நீட்டி "கத்தாதே!" என்று கத்தினால், அதையும் பார்த்துக்கொள்வான். பக்கத்தில் உட்கார்ந்து, "கோபமா இருக்கா? கரடிகிட்ட இப்படிச் சொல்லலாம்" என்று தணிந்த குரலில் நீங்களே பேசிக் காட்டுங்கள்.

கணவரிடம், பையன் தூங்கிய பிறகு, சண்டை இல்லாத ஒரு நாளில் பேசுங்கள். கோபமே வரக்கூடாது என்று கேட்டால் நடக்காது. கத்திவிட்டால், பையன் காதுபடவே உங்களிடம், "கத்திட்டேன், தப்புதான்" என்று சொல்லச் சொல்லுங்கள். அப்பா கத்துவதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, அப்பா மன்னிப்புக் கேட்பதையும் பிடித்துக்கொள்வான்.

ஒன்று மட்டும் கடிதத்தில் இல்லை. கணவர் உங்கள் மேல் கை நீட்டுகிறாரா? ஆம் என்றால், இந்த யோசனைகளோடு நிற்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.