மார்பில் செல்போனை வைத்தே இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாக் கோளாறையும் அல்ல. இது நன்றாகக் கைகொடுப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பில்தான்.

இதயம் சுருங்கும்போதும் வால்வுகள் திறந்து மூடும்போதும் மார்புச் சுவர் மிக லேசாக அதிரும். போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்கு உதவும் முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் இந்த அதிர்வையும் உணரும். மல்லாந்து படுத்து, நெஞ்செலும்பின் மேல் போனை வைத்து, சில நிமிடம் அசையாமல் இருந்தால் போதும். இசிஜி பதிவது இதயத்தின் மின்சாரத்தை. இது பதிவது இதயத்தின் அசைவை.

இந்தக் கோளாறில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் தாறுமாறாக மாறும், அதிர்வின் வலுவும் ஏறி இறங்கும். மென்பொருள் பிடிப்பது அதைத்தான். ஃபின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தினர் 300 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கோளாறு உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேரை இந்த முறை சரியாகக் கண்டுபிடித்தது.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இந்தக் கோளாறு பலருக்கு வந்து வந்து போகும். மருத்துவரிடம் போகும் நேரத்தில் இசிஜி சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்தபின் மறுபடி தொடங்கும். கவனிக்காமல் விட்டால் இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். படபடப்பு வரும்போதே பதிவு செய்ய முடிவது அதனால்தான் முக்கியம்.

இருமினாலோ பேசினாலோ பதிவு கெடும். போன் சந்தேகம் காட்டினால் இசிஜி எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அப்புறம், நெஞ்சுவலி வந்தால் போனில் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள்; மாரடைப்பை இதை வைத்து இல்லையென்று சொல்ல முடியாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.